நார்பரின்னு என் காதுல சொல்லுங்க

நான் ஷெர்லாக் ஹோம்ஸ் பைத்தியம். இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழ நான் அசிங்கப்பட்ட கதை ஒண்ணு வருது, அதுக்கு ஹோம்ஸ் மேல பழி போட முடியாது, 30 வருஷத்துக்கு மேல திரும்பத் திரும்ப படிச்சும் அந்த ஆளை நான் பாதிதான் படிச்சிருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஆரம்பிச்சது 1988ல, எனக்கு 13 வயசு. அப்பா சிங்கப்பூர் துறைமுகத்துல ஷிஃப்ட் வேலை. ஒரு லீவு நாள்ல பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புக் கடையில 3 வெள்ளிக்கு அட்டை கிழிஞ்ச தடி புத்தகம் ஒண்ணு வாங்கிட்டு வந்தார், கடைக்காரர் துப்பறியும் கதைன்னு சொன்னாராம், அது போதும் அவருக்கு. அப்பாவுக்கு இங்கிலீஷ் நாவல் படிக்கற அளவுக்கு வராது, ஜொகூர்ல ரப்பர் தோட்டத்து தமிழ் ஸ்கூல்ல படிச்சவர். அவரோட ஆள் தமிழ்வாணனோட சங்கர்லால். அதனால எங்க வீட்ல ஒரு ஏற்பாடு, நான் ஒரு கதை படிச்சு முடிச்சதும் அப்பா ஷிஃப்ட் முடிச்சு வந்து சாப்பிடும்போது அத தமிழ்ல சொல்லணும். சொல்ற வழியில அவர் குறுக்க குறுக்க கேள்வி கேப்பார், "அந்தாளு யோசிக்க என்ன குடிப்பான்?"னு கேட்டார் ஒருநாள், பைப்புன்னு சொன்னேன், "சங்கர்லால் டீயோட நிறுத்திக்கிட்டாரு, நல்ல மனுஷன்"னார்.

பாம்பு வர்ற கதை இருக்கு பாருங்க, ஹோம்ஸ எழுதின ஆர்தர் கானன் டாயிலே தன்னோட ஹோம்ஸ் கதைகள்ல ரொம்ப புடிச்சதுன்னு முதல் இடம் குடுத்தது, அதுல வில்லன் ஒரு பாம்புக்கு தட்டுல பால் வச்சு பழக்கி, விசில் அடிச்சா கயிறு வழியா ஏறி வர்ற மாதிரி வச்சிருப்பான். நான் பயந்துகிட்டே சொல்றேன், அப்பா சோத்துத் தட்ட முன்னாடி வச்சுகிட்டு விழுந்து விழுந்து சிரிக்கறார். "தோட்டத்துல எத்தனை பாம்பு அடிச்சிருக்கேன், பாம்பு பால் குடிக்காது, விசில் அடிச்சா திரும்பிக்கூட பாக்காது, உன் வெள்ளைக்காரன புத்துக்கு ஒருதடவ கூட்டிட்டு வா." டாயில் எழுதின மாதிரி ஒரு சதுப்பு நில விரியன் இந்தியாவுல இல்லவே இல்லைன்னு பின்னாடி படிச்சப்போ அப்பாவ நெனச்சு சிரிச்சேன்.

ஆனா அப்பாவ கட்டிப்போட்டது ஒரு கதை. பந்தயக் குதிரை காணாமப்போற கதை, சில்வர் பிளேஸ். ராத்திரி லாயத்துக்குள்ள யாரோ வந்து குதிரைய ஓட்டிட்டுப் போயிருக்காங்க, ஹோம்ஸ் சொல்வார் நாய் விஷயத்த கவனிங்கன்னு, இன்ஸ்பெக்டர் நாய் ஒண்ணுமே பண்ணலியேம்பார், அதுதான் விஷயம்பார் ஹோம்ஸ். நாய் குரைக்கல, அப்ப வந்தவன் நாய்க்கு தெரிஞ்சவன். இத சொன்னதும் அப்பா கைய கழுவாம அப்படியே ஒரு நிமிஷம் உக்காந்திருந்தார். அதுக்கப்புறம் அது எங்க வீட்டு பழமொழி ஆயிடுச்சு. அம்மா கோவமா இருக்கவேண்டிய நேரத்துல அமைதியா இருந்தா, நான் ரிப்போர்ட் கார்ட பத்தி பேச்சே எடுக்கலைன்னா, "நாய் ஏன் குரைக்கல?"ம்பார். இத ஞாபகம் வச்சுக்குங்க.

அப்புறம் எல்லா ரசிகர்களுக்கும் வர்ற வியாதி எனக்கும் வந்துச்சு, ஆளுங்கள பாத்து சொல்றது. ஹோம்ஸ் தன்னோட கூட்டாளி டாக்டர் வாட்சன முதல்ல பாத்த உடனே ஆப்கானிஸ்தான்ல இருந்து வர்றீங்கன்னு சொல்வார்ல, அந்த போதை. பேக்கர் ஸ்ட்ரீட் 221பி, ஹோம்ஸோட வீடு, அதோட மாடிக்கு 17 படின்னு அவர் வாட்சன்கிட்ட சொல்வார், நீ பாக்குற, கவனிக்கறதில்லன்னு, அதப் படிச்சிட்டு எங்க பிளாக்கு படியெல்லாம் எண்ணினேன். எம்ஆர்டி ரயில்ல எதிர்ல உக்காந்திருக்கவரோட ஷூ, நகம், லேன்யார்ட் எல்லாம் பாத்து என்ன வேலைன்னு மனசுக்குள்ள முடிவு கட்டுவேன். எப்பவுமே நான் சொன்னது சரி, ஏன்னா யாரையும் கேட்டுப் பாக்கலியே! இந்த ஒரு வரிய எழுதறதுக்கு எனக்கு 44 வயசு ஆகவேண்டியிருந்துச்சு.

2019க்கு வர்றேன். அம்மா போய் நாலு வருஷம், அப்பாவுக்கு 75, டிமென்ஷியா, மறதி நோய். ஈசூன்ல எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். பாத்துக்க சுமத்ராவிலேர்ந்து ஒரு பொண்ணு வந்தா, 26 வயசு. என் மக அவள கக்காக்னு கூப்பிடுவா, மலாய்ல அக்கா, கொஞ்ச நாள்ல எல்லாருக்கும் அவ கக்காக்தான், அப்பாவுக்கும்.

வந்த முதல் நாள் எந்த ஊருன்னு கேட்டேன், தப்பனூலி பக்கம்னா. எனக்கு தலைகால் புரியல. சாகக்கிடக்கற மாதிரி ஹோம்ஸ் நடிக்கற ஒரு கதையில தப்பனூலி காய்ச்சல்னு ஒண்ணு வரும், வில்லன் சுமத்ராவுல தோட்டம் வச்சிருக்கவன். இன்னொரு கதையில மட்டில்டா பிரிக்ஸ்னு ஒரு கப்பல், சுமத்ராவோட ராட்சச எலி, அந்தக் கதைய கேக்க உலகம் இன்னும் தயாராகலைன்னு ஹோம்ஸ் சொல்லிட்டு அப்படியே விட்டுருவார், டாயில் அத எழுதவே இல்ல. லண்டன்காரனுக்கு சுமத்ரா எங்கயோ உலகத்து மூலை, நமக்கு இங்கேர்ந்து படகு தூரம். "உங்க ஊர்ல பெரிய எலி இருக்கா?"ன்னு கேட்டேன் அவகிட்ட, பெட்டியக்கூட பிரிக்கல பாவம். "எலி எல்லா ஊர்லயும்தான் மேம் இருக்கு"ன்னா. வேலைக்கு சேந்த வீட்டம்மா லூசுன்னு நெனச்சிருப்பா.

ஆறு மாசம் நல்லாத்தான் போச்சு. ஒரு சனிக்கிழமை, மகளோட டியூஷன் டீச்சருக்குன்னு அலமாரி டிராயர்ல வச்சிருந்த ரெண்டு 50 வெள்ளி நோட்டக் காணோம்.

என் மூளை வேலை செஞ்ச விதத்த அப்படியே சொல்றேன். டிராயர் இருக்கற ரூமுக்கு பெருக்க போறது அவ மட்டும். போன ஞாயிறு அவளுக்கு லீவு, சிட்டி பிளாசா மாலுக்கு போயிட்டு புது ஷூவோட வந்தா. அதே வாரம் ஊருக்கு வழக்கத்தவிட அதிகமா பணம் அனுப்பினதா போன்ல யார்கிட்டயோ சொன்னது எனக்கு அரைகுறை மலாய்ல புரிஞ்சுது. டிராயர திறந்தியான்னு சாதாரணமா கேக்கற மாதிரி கேட்டேன், தலைய குனிஞ்சுகிட்டா. நாலு துப்பு. நாலும் ஒரே திசைய காட்டுது. அந்த நேரத்துல எனக்கு என்ன இருந்துச்சுன்னு நெனக்கறீங்க, பணம் போன வருத்தமா? இல்லங்க. உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். கண்டுபுடிச்சிட்டேன்ங்கற சந்தோஷம். அதுதான் இன்னைக்கும் என்னை கூச வைக்குது.

நீதான் எடுத்தன்னு நான் நேரா சொல்லல. அதவிட மோசமா, ஹோம்ஸ் மாதிரி, ஷூ எவ்ளோன்னு கேட்டேன், ஊருக்கு எவ்ளோ அனுப்பினன்னு கேட்டேன், ஒண்ணொண்ணா கேட்டு கோத்து அவ முன்னாடி வச்சேன். என் வீட்டுக்காரர் சோஃபாவுலேர்ந்து "போதும் விடு"ன்னார். அவ அழல. ஷூ தோழி குடுத்த பழசு, பாலிஷ் போட்டதுன்னா. பணம் தம்பி பரீட்சை ஃபீஸுக்கு தோழிகிட்ட கடன் வாங்கி அனுப்பினதுன்னா. நான் நம்பாத மூஞ்சியோட தலையாட்டினேன்.

மூணு நாள் கழிச்சு காலையில நான் வேலைக்கு கிளம்பறேன், வாசல்லேர்ந்து கூப்பிடுறா. "மேம், வந்து பாருங்க. நான் தொடல." அப்பாவோட பழைய துறைமுக பூட்ஸ், ரிட்டையர் ஆகி எத்தனையோ வருஷமாச்சு, அத வாராவாரம் துடைச்சு வைக்கலைன்னா அப்பா ரகளை பண்ணுவார், அவ துடைக்க எடுத்திருக்கா, இடது பூட்ஸுக்குள்ள ஒரு சாக்ஸ், சாக்ஸ் வாயிலேர்ந்து நோட்டோட ஓரம் நீட்டிகிட்டு நிக்குது. அவ ரெண்டு கையையும் பின்னாடி கட்டிகிட்டு ரெண்டடி தள்ளி நின்னா. நான் தொடலன்னு மறுபடியும் சொன்னா. அந்த ரெண்டு கை பின்னாடி கட்டினது இருக்கே, அது என் வேலை.

சம்பளத்த பூட்ஸ்ல ஒளிச்சு வைக்கறது அப்பாவோட அந்தக்காலத்து பழக்கம், அம்மா சொல்லி சிரிச்சது எனக்கு தெரியும். ஆனா அதகூட விடுங்க. டிமென்ஷியா வந்ததிலேர்ந்து அப்பா தினம் காலையில என்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேப்பார், "கையில காசே இல்லம்மா, பத்து வெள்ளி குடு." தினம். தவறாம. பணம் காணாமப்போன அன்னைலேர்ந்து அவர் கேக்கல. அவர் கையில காசு இருக்கு, எதுக்கு கேக்கணும்? நாய் குரைக்கல. அந்தக் கதைய அவருக்கு சொன்னவளே நான்தான், எங்க வீட்டு பழமொழி அது, நான் பாட்டுக்கு ஷூவையும் போனையும் நோண்டிகிட்டு இருந்திருக்கேன்.

மன்னிப்பு கேட்டேன். வீட்டுக்காரர், மக ரெண்டு பேரும் இருக்கும்போது, ஏன்னா அவங்க முன்னாடிதான கேள்வி கேட்டேன், தனியா சமையல்கட்டுல வச்சு சாரி சொல்லிட்டு போறது என் வசதிக்கு. "தக் அப்பா, மேம்"னா. பரவால்லன்னு மலாய்ல அர்த்தம், ஆனா அந்த அப்பாங்கற சத்தம் என் காதுல வேற மாதிரி விழுந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம மஞ்சள் முகம் கதைய எடுத்தேன், 1893ல வந்தது. அதிகம் பேர் பேசாத கதை, காரணம் அதுல ஹோம்ஸ் சுத்தமா தோத்துப்போவார். ஒருத்தன் பொண்டாட்டி பக்கத்து காட்டேஜுக்கு ரகசியமா போய்ட்டு வர்றா, ஜன்னல்ல மஞ்சளா ஒரு முகம், ஹோம்ஸ் பேக்கர் ஸ்ட்ரீட்ல உக்காந்துகிட்டே முடிவு கட்டிருவார், பழைய புருஷன் உயிரோட வந்து மிரட்டறான்னு. போய் பாத்தா அங்க இருக்கறது முகமூடி போட்ட ஒரு சின்னப் பொண்ணு, அவளோட முதல் கல்யாணத்து குழந்தை, செத்துப்போன அப்பா கறுப்பர், இந்தப் புருஷன் ஏத்துக்க மாட்டானோன்னு பயந்து ஒளிச்சு வச்சிருப்பா. அவன் குழந்தைய தூக்கி முத்தம் குடுத்துட்டு பொண்டாட்டி கைய புடிச்சிட்டு வீட்டுக்கு நடப்பான். ஹோம்ஸ் ஒண்ணும் பேச மாட்டார். ராத்திரி படுக்க போகும்போது வாட்சன்கிட்ட சொல்வார், எனக்கு எப்பவாவது தலைக்கனம் ஏறுதுன்னு தோணுச்சுன்னா என் காதுல மெதுவா நார்பரின்னு சொல்லுன்னு. அந்தக் கதை நடந்த இடத்தோட பேரு அது.

இருபது தடவையாவது படிச்சிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சுமாரான கதைன்னு தள்ளிட்டுப் போயிருக்கேன்.

இன்னொரு விஷயமும் அப்பதான் உறைச்சுது. ஹோம்ஸுக்கு அச்சு, எடின்பரால டாயிலுக்கு பாடம் எடுத்த டாக்டர் ஜோசப் பெல்னு எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு பேஷண்ட பாத்து பட்டாளத்துக்காரன், சமீபத்துல வெளிய வந்தவன், பார்படோஸ்ல இருந்தவன்னு சொன்ன கதைய டாயில் தன் வாழ்க்கைக் கதையில எழுதியிருக்கார். நாம அத சொல்லும்போது அவர் பாத்தார், சொன்னார்னு முடிச்சிருவோம். எழுதியிருக்கறத பாத்தா, பட்டாளத்துல இருந்தியா, ஆமாங்க, வந்து ரொம்ப நாள் ஆகலியே, இல்லங்க, இப்படி ஒண்ணொண்ணா கேட்டு அவன் வாயால ஆமான்னு வாங்கிட்டுதான் அடுத்ததுக்கு போயிருக்கார். நானும்தான் கேட்டேன், ஆனா அவ சொன்ன பதில எந்தக் கணக்குலயும் சேக்கல. பெல்லுக்கு இல்லைன்னு ஒரு பதில் வந்திருந்தா அவர் அங்கயே நின்னிருப்பார், நான் நிக்கல.

அதுலேர்ந்து சிலத மாத்திக்கிட்டேன். பொருள் காணாமப்போனா முதல்ல அப்பாவோட இடங்கள், பூட்ஸ், தலகாணி உறை, அரிசி டப்பா, கோட் பாக்கெட், அப்புறம் எங்க இடங்கள், கடைசி வரைக்கும் யாரையும் கேக்கறதில்ல. டிமென்ஷியா இருக்கற வீட்ல இத ஒரு சட்டமாவே வச்சுக்கலாம், ஒளிச்சு வைக்கறதும் அடுத்தவங்க எடுத்துட்டாங்கன்னு சொல்றதும் அந்த நோயோட சேந்தது. தினம் காலையில நாலு 2 வெள்ளி நோட்ட அப்பா சட்டைப் பாக்கெட்டுல வச்சிருவேன், கையில காசு இருக்குன்னு தெரிஞ்சா மனுஷன் நிம்மதியா இருப்பார், தேடமாட்டார். அப்புறம் ஒரு ஆள் மேல எனக்கு சந்தேகம் வந்தா பேப்பர் எடுத்து, நடந்திருக்க வேண்டியது எது நடக்கலைன்னு ஒரு பக்கம் எழுதுவேன். நடந்தது கண்ணுல படும், நடக்காதது எழுதினாத்தான் படும்.

சரி, இதப் படிச்சிட்டு யாருக்காவது ஹோம்ஸ் பக்கம் போகலாம்னு தோணுச்சுன்னா, மொத்தமே 60 கதைதான், 4 நாவல், 56 சிறுகதை, 1887லேர்ந்து 1927 வரைக்கும். நாவல்ல ஆரம்பிக்காதீங்க. முதல் நாவல் பாதியில திடீர்னு அமெரிக்கா யூட்டாவுக்கு ஓடிரும், ஹோம்ஸே இருக்க மாட்டார், என் மக அங்கதான் புத்தகத்த மூடினா. 1892ல வந்த முதல் சிறுகதைத் தொகுப்பு, 12 கதை, அதுதான் வாசல். ரெண்டாவது நாவல்ல அந்தமான்காரர காட்டியிருக்கற விதம் அருவருப்பா இருக்கும், புள்ளைங்களுக்கு குடுத்தா பக்கத்துல உக்காந்து பேசுங்க. அதே நாவல்ல சீக்கிய சிப்பாய்னு சொல்லிட்டு முகமது சிங், அப்துல்லா கான்னு பேரு வச்சிருப்பார், என் சீக்கிய கலீக் ஒருத்தர்கிட்ட காட்டினேன், கோப்பிய மேல கொட்டிக்கிட்டார். வாட்சனுக்கு குண்டு பட்டது ஒரு கதையில தோள்ல, அடுத்ததுல கால்ல, இந்த மாதிரி ஓட்டை எல்லாத்தையும் தேடறதுதான் ரசிகர்களோட பாதி பொழப்பே. அப்புறம் சினிமா மேடையில கேட்ட அந்த "எலிமென்டரி, மை டியர் வாட்சன்" 60 கதையில ஒண்ணுலகூட அப்படியே வராது, தேடி ஏமாறாதீங்க.

காசு குடுத்து ஈபுக் வாங்காதீங்க. டாயில் 1930ல இறந்துட்டார், இங்க காப்பிரைட் எழுதினவர் இறந்து 70 வருஷம்தான், அதனால எல்லாமே ஓசிதான், இல்லைன்னா லைப்ரரி. காகித புத்தகம்தான் வேணும்னா நம்ம ஊர் ஈரத்துக்கு அலமாரியில ஈரம் உறிஞ்சற டப்பா வைங்க, அப்பா வாங்கின 3 வெள்ளி புத்தகம் பக்கம் பக்கமா காப்பிக் கறை மாதிரி ஆகிப்போச்சு. ஹோம்ஸ் படங்கள்ல வர்ற அந்த ரெண்டு பக்கமும் நுனி வச்ச தொப்பிய லண்டன்ல வாங்கிட்டு வந்து ஒரே வருஷத்துல பூஞ்சை புடிச்சதும் நான்தான், இந்த வெயில்ல அத பத்து நிமிஷம் போட்டுக்க முடியாது.

லண்டன் போனீங்கன்னா பேக்கர் ஸ்ட்ரீட் ஹோம்ஸ் மியூசியம் 221பின்னு போர்டு போட்டிருந்தாலும் இருக்கறது 237க்கும் 241க்கும் நடுவுல. டாயில் எழுதின காலத்துல பேக்கர் ஸ்ட்ரீட்ல 221 வரைக்கும் நம்பரே கிடையாது. க்யூ நீளம், உள்ள இடம் ரொம்ப குறுகல், 17 படி இருக்கு, நானும் எண்ணினேன், கைப்பிடிய புடிச்சுகிட்டு வாய்விட்டு. வயசானவங்களோட போனா அத விட்டுட்டு சேரிங் கிராஸ் பக்கத்துல நார்தம்பர்லேண்ட் ஸ்ட்ரீட்ல இருக்கற ஷெர்லாக் ஹோம்ஸ் பப்புக்கு போங்க, 1951 கண்காட்சிக்காக பண்ணின ஹோம்ஸ் ரூம் மாடியில இருக்கு, கண்ணாடி வழியா பாக்கலாம்.

அப்பா 2021ல போய்ட்டார். கக்காக் அடுத்த வருஷம் ஊருக்கு திரும்பினா, கல்யாணம். போகும்போது அந்த பூட்ஸ நான் எடுத்துக்கலாமான்னு கேட்டா, தம்பிக்கு. குடுத்தேன்.

எம்ஆர்டில இன்னும் ஷூ பாக்கறேன், அது போகாது. வாய திறந்து அந்தாளு டீச்சரா இருப்பார்னு ஆரம்பிச்சா போதும், பக்கத்துலேர்ந்து என் மக போன்லேர்ந்து தலைய தூக்காமலே "நார்பரி"ம்பா.

போன மாசம் கக்காக் கிட்டேர்ந்து வாட்ஸ்அப். ஒரு போட்டோ, சமையல்கட்டுல இரும்புப் பொறி, உள்ள அடங்காம வால் வெளிய தொங்கற ஒரு எலி, அளவுக்கு பக்கத்துல அப்பாவோட பூட்ஸ வச்சிருக்கா. கீழ ஒரு வரி: "மேம், உங்க எலி கிடைச்சிருச்சு."